முட்டை குடிக்கும் கோழி: குழம்பு வைப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

கோழி கொக்கரிக்கிற சத்தம் கேட்கிறது. கையில் கிண்ணத்தோடு கூட்டுப் பக்கம் போகிறீர்கள். முட்டை இல்லை. வைக்கோல் ஓரிடத்தில் மட்டும் ஈரமாக, பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. கிளறிப் பார்த்தால் நகக்கண் அளவுக்கு இரண்டு ஓட்டுத் துண்டுகள். பக்கத்தில் ஒரு பெட்டை அலகை மண்ணில் இப்படியும் அப்படியும் தேய்த்துக்கொண்டு நிற்கிறது.

கோழி வளர்க்க ஆரம்பித்த முதல் வருடத்திலேயே எனக்கு இது நடந்தது. திருச்சிக்கு வெளியே, கொல்லைப்புறத்தில் ஆறு பெட்டை, ஒரு சேவல். அவ்வளவுதான் பண்ணை. பக்கத்து வீட்டு அத்தையிடம் போய்ச் சொன்னேன். அவர் அதிக நேரம் யோசிக்கவில்லை. "முட்டை குடிச்சுப் பழகின கோழி திருந்தாது தம்பி. இந்த ஞாயித்துக்கிழமையே குழம்பு வெச்சிரு" என்றார்.

நான் வைக்கவில்லை. வைத்திருந்தாலும் பிரச்சினை தீர்ந்திருக்காது என்று பிறகுதான் புரிந்தது. முழு முட்டையைப் பார்த்ததும் "இதற்குள் சாப்பாடு இருக்கிறது" என்று எந்தக் கோழிக்கும் தானாகத் தெரியாது. முதலில் முட்டை உடைகிறது. தரையில் விழுந்து, மிதிபட்டு, அல்லது ஓடு பேப்பர் மாதிரி மெல்லிசாக இருந்து உடைகிறது. உடைந்ததைக் கோழி ருசி பார்க்கிறது. நாலு தடவை இப்படிக் கிடைத்த பிறகுதான் ஐந்தாவது தடவை தானே கொத்திப் பார்க்கிறது. ஒரு கோழி கொத்துவதை மற்றவை பார்த்துக் கற்றுக்கொள்ளும். முட்டை உடைவதை நிறுத்தாமல் குடித்த கோழியைக் குழம்பு வைத்தால், அடுத்த மாதம் இன்னொரு கோழி அதே இடத்தில் நிற்கும். நீங்களும் வாராவாரம் குழம்பு வைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஆகவே கீழே சொல்லும் வேலைகளில் முக்கால்வாசி கோழியைத் திருத்துவதற்கானவை அல்ல, முட்டை உடையாமல் பார்த்துக்கொள்வதற்கானவை.

முதலில், கோழிதான் குடிக்கிறதா?

முட்டை காணாமல் போனால் கோழி மேல்தான் பழி விழும். நம் ஊரில் முட்டைத் திருடர்களுக்குப் பஞ்சமில்லை. பாம்பு முழுசாக விழுங்கிவிடும். ஓடு, ஈரம், சிந்தல் எதுவும் இருக்காது, முட்டை இருந்த இடம் சுத்தமாகக் காலியாக இருக்கும். காகம் அலகால் ஓட்டை போட்டுத் தூக்கிக்கொண்டு போகும், ஓடு கூரை மேலோ கிணற்றடியிலோ கிடக்கும். எலி, பெருச்சாளி என்றால் முட்டையை உருட்டிக்கொண்டு மூலைக்குப் போயிருக்கும், ஓட்டின் விளிம்பில் கரண்டிய தடம் தெரியும். கீரி வந்தால் முட்டையோடு நிற்காது, குஞ்சுகளும் குறையும்.

கோழி குடித்தால் முட்டை இட்ட இடத்திலேயே ஈரம் இருக்கும், பக்கத்து முட்டைகள் மேல் காய்ந்த மஞ்சள் கரு ஒட்டியிருக்கும். பெரும்பாலும் ஓடும் சேர்ந்தே காலியாகிவிடும், நாலைந்து துணுக்குகள் மட்டும் மிஞ்சும். இது முக்கியமான அடையாளம். ஓட்டையும் விடாமல் தின்றால் அந்தக் கோழிக்குச் சுண்ணாம்புச் சத்து போதவில்லை என்றே நான் முதலில் சந்தேகப்படுவேன்.

இன்னொரு திருடனும் உண்டு. எங்கள் தெருவில் ஒரு பையன் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது இரண்டு முட்டை குறையும். அது வேறு கதை.

இன்றைக்கே செய்ய வேண்டியது

நாளைக் காலையிலிருந்து முட்டையை ஒரு நாளைக்கு மூன்று முறை எடுங்கள். பெரும்பாலான கோழிகள் விடிந்ததிலிருந்து முற்பகலுக்குள் முட்டையிட்டுவிடும். எட்டு மணிக்கு ஒரு முறை, பத்தரைக்கு ஒரு முறை, மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒரு முறை பார்த்தால் போதும். வேலைக்குப் போகிறவர் என்றால் கிளம்பும் முன் ஒரு முறை எடுத்துவிட்டு, வீட்டில் இருக்கும் பெரியவரிடம் மிச்சத்தைச் சொல்லிவிடுங்கள். கூட்டில் முட்டை கிடக்கும் நேரம் குறையக் குறைய, கொத்துகிற வாய்ப்பும் குறைகிறது.

உடைந்த முட்டை கிடந்தால் அந்த வைக்கோலை அப்படியே சுருட்டி வெளியே எடுத்துவிடுங்கள். மேலாகத் துடைத்துவிட்டு விடாதீர்கள். அந்த மஞ்சள் ஒட்டிய வைக்கோலே மறுநாள் கொத்தக் கற்றுக்கொடுக்கும் இடம். எடுத்ததைக் குப்பைமேட்டில் போடவும் கூடாது, கோழி அங்கேதான் முதலில் மேயும். குழி தோண்டிப் புதைத்துவிடலாம், வாழை மரத்தடியாக இருந்தால் நல்லது.

அப்புறம், கூட்டில் இரண்டு பொய் முட்டை வையுங்கள். மரத்தில் கடைந்த முட்டை கிடைத்தால் சரி, கோல்ஃப் பந்து கிடைத்தால் அதுவும் சரி. எதுவும் கிடைக்காவிட்டால் ஆற்றுப் படுகையில் கிடக்கும் வழவழப்பான வெள்ளைக் கூழாங்கல்லே போதும். நான் செய்தது வேறு. முட்டையின் இரண்டு முனையிலும் ஊசியால் துளை போட்டு உள்ளே இருப்பதை ஊதி வெளியேற்றினேன். கழுவிக் காயவைத்து, துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைத் தண்ணீர் மாதிரி கரைத்து ஊற்றினேன். மறுநாள் கல்லாகிவிட்டது. கொத்திக் கொத்திப் பார்த்து அலகு வலித்ததுதான் மிச்சம் என்று கோழி சலித்துப் போகும். பிளாஸ்டிக் பந்து, டேபிள் டென்னிஸ் பந்து எல்லாம் வேண்டாம், கனம் இல்லாததால் கோழி காலால் தள்ளிவிட்டுப் போய்விடும்.

பொய் முட்டைக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. ஊரில் முட்டை எடுக்கும்போது ஒன்றை மட்டும் விட்டுவிட்டு வருவார்கள், பார்த்திருப்பீர்கள். முட்டை இருக்கிற இடத்தில்தான் கோழி திரும்ப வந்து இடும் என்பதற்காக. முட்டை குடிக்கும் பழக்கம் இருக்கிற கூட்டில் நிஜ முட்டையை அப்படி விட்டு வைத்தால் அதுவும் போய்விடும். அந்த இடத்தில் கல்முட்டை நிற்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. பொய் முட்டையில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு வையுங்கள். எங்கள் வீட்டில் ஒரு நாள் அது மற்ற முட்டைகளோடு வெந்து, உரிக்கும்போதுதான் தெரிந்தது.

முட்டையிடும் இடம்

ஒரு காலைப் பொழுது முழுக்கக் கூட்டருகே உட்கார்ந்து பாருங்கள். இதைவிட நல்ல பாடம் இல்லை. என் சாம்பல் பெட்டை பத்து நிமிடம் வைக்கோலைக் கிளறியது, சுற்றிச் சுற்றி உட்கார்ந்தது, எழுந்தது. கடைசியில் பாதி எழுந்த நிலையில், முதுகைக் குனித்து, இறகைச் சிலிர்த்து ஒரு முக்கு முக்கியது. முட்டை இரண்டு விரற்கடை உயரத்திலிருந்து கீழே விழுந்தது. விழுந்த இடத்தில் வைக்கோல் இல்லை, கிளறி ஒதுக்கிவிட்டது. கீழே சிமெண்டுத் தரை. 'டொக்' என்று ஒரு சத்தம். முட்டை உடையவில்லை, ஆனால் தலைமுடி மாதிரி ஒரு கீறல். பிறகு செவலை வந்து அதன் மேலேயே உட்கார்ந்தது. அதோடு முடிந்தது.

அன்றைக்கு என் கண் முன்னால் நடந்ததில் கோழியின் தப்பு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

நாலு கோழிக்கு ஒரு முட்டையிடும் இடமாவது வேண்டும். எத்தனை வைத்தாலும் எல்லாம் ஒரே கூட்டுக்குத்தான் அடித்துக்கொள்ளும் என்பது உண்மைதான், ஆனாலும் இரண்டாவது இடம் ஒன்று இருந்தால் நெருக்கடி குறையும். ஒவ்வொன்றும் ஓர் அடிக்கு ஓர் அடி, உள்ளே கோழி திரும்ப இடம் இருந்தால் போதும். பழக்கூடை, அகலமான மண்தொட்டி, உடைந்த பிளாஸ்டிக் டப், எதுவானாலும் சரி. அடியில் இரண்டு அங்குலம் மணல் பரப்பி நடுவில் கையால் குழி பண்ணுங்கள். அதன் மேல் மூன்று அங்குலம் வைக்கோல், சாண் நீளத்துக்கு வெட்டிப் போட்டால் கிளறினாலும் ஒதுங்காது. உமி மட்டும் போட்டால் இரண்டே நாளில் தரை தெரிந்துவிடும். மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை மாற்றுங்கள். ஈர வைக்கோலில் பூசணம் பிடிக்கும், பேனும் செள்ளும் ஏறும். செள் கடிக்கிற கூட்டில் கோழி உட்காராது, நின்றபடியே போட்டுவிட்டு ஓடும் அல்லது வெளியே தரையில் இடும்.

கூடு இருட்டாக இருக்க வேண்டும். வாசலில் ஒரு சாக்கைப் பாதி தொங்க விடுங்கள். வெளிச்சம் குறைந்தால் கோழி அமைதியாகும், கீழே கிடக்கிற வெள்ளைப் பொருளைக் கொத்திப் பார்க்கிற ஆர்வமும் குறையும். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் வையுங்கள். இரவில் கோழி அடையும் கழி அதைவிட உயரமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் முட்டையிடும் கூட்டிலேயே படுத்து எச்சமிட்டு நாசம் பண்ணிவிடும்.

தீனி: இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறோம்

ஒரு முட்டையைக் கையில் எடுத்து, இருட்டில் செல்போன் டார்ச் மேல் வைத்துப் பாருங்கள். நல்ல ஓடு என்றால் ஒரே சீராக ஒளி தெரியும். கீறல் இருந்தால் வெள்ளைக் கோடாக மின்னும். மெல்லிய ஓடு திட்டுத் திட்டாக இருக்கும். கட்டைவிரலால் லேசாக அழுத்தியதுமே உள்ளே போகிற முட்டையும், ஓடே இல்லாத தோல் முட்டையும் வந்தால் தீனியைத்தான் பார்க்க வேண்டும்.

கணக்கு எளிது. ஒரு முட்டையின் ஓட்டில் ஒன்றரை முதல் 2 கிராம் வரை கால்சியம் இருக்கிறது. தின்னும் கால்சியத்தில் ஏறக்குறையப் பாதிதான் உடம்பில் சேரும். ஆக, முட்டையிடும் நாளில் கோழிக்கு 3 முதல் 4 கிராம் வரை தேவை. இப்போது நாம் போடுவதைப் பாருங்கள். ஒரு கோழி ஒரு நாளைக்கு 80 முதல் 100 கிராம் தீனி தின்னும். 100 கிராம் கம்பில் இருக்கிற கால்சியம் 40 மில்லிகிராம் அளவுதான். அரிசிக் குருணையில் அதுவும் இல்லை. "ராகி போடுகிறேனே, அதில் கால்சியம் அதிகமாச்சே" என்பீர்கள். தானியங்களில் ராகிதான் ராஜா, சந்தேகமில்லை, ஆனால் 100 கிராமில் மூன்றில் ஒரு கிராம்தான். நாள் முழுக்க ராகியே தின்றாலும் தேவையில் பத்தில் ஒரு பங்கு வருவதே பெரிது.

மிச்சத்துக்குக் கோழி என்ன செய்யும்? தன் எலும்பிலிருந்து எடுத்து ஓட்டில் போடும். கொஞ்ச நாள் தாங்கும். பிறகு ஓடு மெலியும், கால் தளரும்.

அந்தக் காலத்தில் இந்தக் கணக்கு பார்க்காமலே கோழி வளர்ந்ததே என்று கேட்டால், வளர்ந்தது. நாட்டுக்கோழி வருடத்துக்கு 60, 80 முட்டை இடும். பத்துப் பதினைந்து இட்டதும் அடைக்குப் படுத்துவிடும், உடம்பு தேறிக்கொள்ள நாள் கிடைக்கும். நாள் முழுக்கத் தெருவில் மேய்ந்து நத்தை ஓடு, பூச்சி, கரையான், இடிந்த சுவரின் காரை என்று எதையாவது தேடித் தின்னும். இன்றைக்கு நாம் வாங்குகிற கிராமப்பிரியா, நந்தனம் கோழி போன்ற ரகங்கள் நாட்டுக்கோழியைவிட மிக அதிகமாக இடுபவை. அதையும் நான்கு சுவருக்குள் வைத்து, குருணையும் தவிடும் மட்டும் போட்டால் ஓடு எங்கிருந்து வரும்?

சரி, என்ன கொடுப்பது? கோழித்தீவனக் கடையில் கிளிஞ்சல் கிடைக்கும், 'ஷெல் கிரிட்' என்று கேட்டாலும் கொடுப்பார்கள். அரிசி அளவிலிருந்து உளுந்து அளவுக்குள் நொறுக்கியதாகப் பார்த்து வாங்குங்கள். மாவாக இருப்பதைவிடத் துண்டாக இருப்பது நல்லது, ஏனென்றால் இரையை அரைக்கும் பையில் தங்கி மெதுவாகக் கரையும். ஓடு உருவாக ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகிறது, அதில் பெரும்பகுதி இரவில். அதனால்தான் நான் சாயங்காலம் நாலு, நாலரைக்குக் கிளிஞ்சல் கிண்ணத்தை நிரப்பி வைக்கிறேன். கோழி கூட்டில் அடையும் முன் வந்து தேவையானதைப் பொறுக்கிக்கொள்ளும். முட்டையிடுபவை ஆவலாகத் தின்னும், மற்றவை தொட்டுவிட்டுப் போகும்.

தீனியோடு கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. சேவலுக்கும் வளரும் குஞ்சுகளுக்கும் இவ்வளவு கால்சியம் ஆகாது. குஞ்சுகளுக்கு அதிகமானால் சிறுநீரகம் கெடும். அதே காரணத்தால்தான் முட்டைக்கோழிக்கான லேயர் தீவனத்தைக் குஞ்சுக்குப் போடக் கூடாது. உங்களிடம் இருப்பதெல்லாம் முட்டையிடும் கோழிதான் என்றால் லேயர் தீவனமே போதும், அதில் கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம் வரை ஏற்கெனவே சேர்த்திருப்பார்கள். ஆனால் அதை வாங்கிப் பாதிக்குப் பாதி குருணை கலந்தால் அந்தச் சதவீதமும் பாதியாகிவிடும். இதை மறந்துவிடுகிறோம்.

முட்டை ஓட்டையே திருப்பிக் கொடுக்கலாமா? கொடுக்கலாம். ஆனால் உடைத்தபடியே கொல்லையில் வீசக் கூடாது. கழுவி, பத்து நிமிடம் கொதிக்க வைத்து, வெயிலில் காயப்போட்டு, உரலில் இடித்து ரவை மாதிரி ஆக்குங்கள். மிக்சியில் ஒரு சுற்று விட்டாலும் சரி. பார்த்தால் முட்டை என்று தெரியவே கூடாது, அதுதான் விஷயம்.

வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைத் தீனியில் பிசைந்து கொடுக்கச் சொல்லுவார்கள். வேண்டாம். அது அரிக்கும் தன்மை உள்ளது, வாயையும் குடலையும் புண்ணாக்கும். சுண்ணாம்புச் சத்து வேறு, நீர்த்த சுண்ணாம்பு வேறு.

கால்சியத்துக்கு அடுத்தது புரதம். முட்டையிடும் கோழிக்குத் தீனியில் 16 சதவீதமாவது புரதம் வேண்டும். தானியம் மட்டும் போட்டால் பத்துப் பதினொன்றைத் தாண்டாது. மஞ்சள் கருவின் ருசி தெரிந்த கோழி அந்தக் குறையை முட்டையிலேயே ஈடுகட்டப் பார்க்கும். கொஞ்சம் கடலைப் புண்ணாக்கு, உப்பில்லாத கருவாட்டுத் தூள், தண்ணீரில் மிதந்து வளரும் அசோலா எதையாவது சேருங்கள். புண்ணாக்கில் பூசணம் வாடை அடித்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள், அதன் நஞ்சு கோழியின் ஈரலைத் தாக்கும். செலவே இல்லாத வழி கரையான். பழைய பானையில் ஈரச் சாணியும் கிழிந்த சாக்கும் வைக்கோலும் திணித்து, கரையான் நடமாடுகிற இடத்தில் கவிழ்த்து வைத்தால், மறுநாள் காலையில் பானையை நிமிர்த்தும்போது கோழிகள் உங்கள் கால் மேல் ஏறி நிற்கும்.

தண்ணீரும் வெயிலும்

முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர். சித்திரை வெயிலில் தண்ணீர்க் கிண்ணம் பதினொரு மணிக்கே காய்ந்து கிடந்தால், தாகத்துக்கு முட்டையைக் குடிக்கிற கோழியும் உண்டு. வெயில் காலத்தில் ஒரு கோழிக்கு அரை லிட்டர் கணக்கு வைத்து, நிழலில் இரண்டு இடத்தில் மண்சட்டியில் வையுங்கள், மதியம் ஒரு முறை மாற்றுங்கள்.

வெயில் இன்னொரு வகையிலும் ஓட்டைக் கெடுக்கிறது. கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும். அப்படி வாங்க வாங்க ரத்தத்தில் இருக்கிற கரியமிலவாயு வெளியேறிவிடுகிறது. ஓடு என்பது கால்சியம் கார்பனேட். கார்பனேட்டுக்கு வேண்டிய சரக்கு மூச்சிலேயே போய்விட்டால் கால்சியம் இருந்தும் ஓடு மெலியும். போதாததற்கு வெயிலில் தீனியும் குறைவாகத்தான் எடுக்கும். ஆகவே ஏப்ரல், மே மாதங்களில் முட்டை குடிக்கிறது என்றால் கூரை மேல் தென்னங்கீற்று போடுவதும் வைத்தியம்தான். தீனியை விடிகாலையிலும் சாயங்காலத்திலும் வையுங்கள்.

வெடைக்கோழி முதன்முதலாக இடும் சில முட்டைகள் தோல் முட்டையாக வருவது சகஜம், இரண்டு வாரத்தில் சரியாகிவிடும். ஆனால் நன்றாக இட்டுக்கொண்டிருந்த கோழி திடீரென்று கோணல் முட்டை, தோல் முட்டை போட்டு, கூடவே சளி, வெள்ளைக்கழிச்சல், தலைதொங்கல் எதுவும் தெரிந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள்.

யார் அந்தக் கோழி?

இவ்வளவும் செய்து பத்து நாள் பாருங்கள். பெரும்பாலும் இதிலேயே அடங்கிவிடும். எனக்கு எட்டாம் நாளில் ஆறு பெட்டையில் ஐந்து அடங்கின. ஒன்று அடங்கவில்லை.

அடங்காததைக் கண்டுபிடிக்க மூன்று வழி. காலையில் அலகு ஓரத்திலும் கழுத்து இறகிலும் காய்ந்த மஞ்சள் இருக்கிறதா என்று பார்ப்பது ஒன்று. பழைய செல்போனைக் கூட்டுக்கு எதிரே சாய்த்து வைத்து ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை வீடியோ ஓட விடுவது இன்னொன்று. மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. சாதா முட்டை எது, சாயம் ஏற்றிய முட்டை எது என்று கோழிக்குத் தெரியாது அல்லவா? ஒரு முட்டையில் சிறு துளை போட்டு, சிரிஞ்சால் கொஞ்சம் வெள்ளைக் கருவை உறிஞ்சி எடுத்துவிட்டு, கேசரிக்குப் போடுவது மாதிரியான உணவு நிறத்தில் நீலம் அல்லது பச்சையைக் கரைத்து ஏற்றுங்கள். துளையை மெழுகால் அடைத்துக் கூட்டில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போங்கள். திரும்பி வரும்போது என் செவலை நீல அலகோடு, ஒன்றுமே தெரியாத முகத்தோடு வேலியோரம் மேய்ந்துகொண்டிருந்தது.

மிளகாய் வைத்தியம் பலிக்காது

எல்லோரும் சொல்லும் முதல் யோசனை, முட்டைக்குள் மிளகாய்ப்பொடியை அடைத்து வை என்பது. செய்து பார்த்தேன். செவலை அதையும் ரசித்துக் குடித்தது. கிளிக்கு மிளகாய்ப் பழம் கொடுத்திருக்கிறீர்களா? கண்ணில் தண்ணீர் வராமல் தின்னும். கோழியும் அந்த ஜாதிதான். மிளகாயின் காரத்தை உணரும் நரம்பு ஏற்பி பாலூட்டிகளிடம் இருப்பது போலப் பறவைகளிடம் வேலை செய்வதில்லை. அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் ஆய்வகம் கோழியின் ஏற்பியையே எடுத்துச் சோதித்து 2002-இல் இதைக் காட்டியது. காரத்தை உணரும் அந்த ஏற்பியைக் கண்டுபிடித்ததற்காக அவருக்கு 2021-இல் நோபல் பரிசில் பங்கும் கிடைத்தது. ஆக மிளகாய்ப்பொடி வீண். எலியும் நாயும் முட்டையைத் திருடினால் வேண்டுமானால் பயன்படும்.

கடுகை அரைத்து அடைப்பவர்களும் உண்டு. சிலருக்குப் பலித்திருக்கிறது என்கிறார்கள், எனக்குப் பலிக்கவில்லை. அதற்கு ஆகிற நேரத்தில் ஒரு கல்முட்டை செய்துவிடலாம்.

அலகைச் சூடு போடுவது, நுனியை வெட்டுவது, சுடச்சுட அவித்த முட்டையைக் கொத்த விட்டு வாயை வேகவைப்பது, இவற்றைச் செய்யாதீர்கள். அலகு வெறும் நகம் இல்லை, உள்ளே நரம்பு ஓடுகிறது. வலியில் தீனி எடுக்காமல் கிடக்கும், கால்சியம் இன்னும் குறையும், ஓடு இன்னும் மெலியும்.

உருண்டு போகும் கூடு

நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை பார்த்தவர்களுக்குத் தெரியும். கூண்டின் கம்பித் தரை முன்பக்கம் சரிந்திருக்கும், முட்டை இட்ட உடனே உருண்டு வெளியே வந்துவிடும். கோழி திரும்பிப் பார்க்கும்போது அங்கே ஒன்றும் இருக்காது. அந்தச் சரிவை மட்டும் நாம் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

பழக்கடை பிளாஸ்டிக் கிரேட் ஒன்று எடுங்கள். உள்ளே ஓர் அடி நீளத்துக்கு ஒன்றரை அங்குலம் சரிவு வருகிற மாதிரி ஒரு பலகையைப் பின்பக்கம் தாழ்த்திப் பொருத்துங்கள். மேலே புல் மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் விரிப்பை ஒட்டுங்கள், முட்டை விழுந்தாலும் அடிபடாது. பின்சுவரின் அடியில் நாலு விரல் உயரத்துக்கு வெட்டி இடைவெளி விடுங்கள். முட்டை அதன் வழியாகப் பின்னால் இருக்கும் பெட்டிக்குப் போக வேண்டும். இடைவெளியை மறைத்து ஒரு ரெக்சின் துண்டைத் தொங்க விட்டால் முட்டை அதைத் தள்ளிக்கொண்டு போகும், கோழி எட்டிப் பார்க்காது. பின்பெட்டியில் வைக்கோல் அல்லது பஞ்சு, மேலே மூடி. சரிவு அதிகமானால் முட்டை வேகமாகப் போய் மோதி உடையும், குறைந்தால் உருளாது. ஒரு முட்டையை நீங்களே பத்துத் தடவை உருட்டிப் பார்த்த பிறகு வையுங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நாட்டுக்கோழிக்குச் சரிவான, வைக்கோல் இல்லாத கூடு பிடிக்காது. முதல் இரண்டு நாள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வைக்கோல்போரில் போய் இட்டுவிட்டு வரும். ஒரு கோல்ஃப் பந்தை விரிப்பிலேயே ஒட்டி வைத்து, பத்து மணி வரை கோழிகளை வெளியே விடாமல் அடைத்து வைத்துத்தான் பழக்க முடிந்தது. ஒரு வாரம் ஆனது.

அடங்காத கோழியை மற்றவற்றிடமிருந்து பிரித்து இந்த மாதிரிக் கூடுள்ள கூண்டில் இரண்டு வாரம் வையுங்கள். பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்தால் ஆகாது, தான் இட்டதைத் தானே உட்கார்ந்து நிதானமாகக் குடிக்கும். கொத்திப் பார்க்க அதற்கு வேறு வேலையும் கொடுங்கள்: ஒரு முருங்கைக்கீரைக் கட்டைக் கயிற்றில் எட்டுகிற உயரத்தில் தொங்க விட்டால் பாதி நாள் போய்விடும். அடைத்து வைத்த கோழிக்குச் சலிப்பும் ஒரு காரணம்.

மூன்று, நான்கு வாரம் ஆகியும் கெட்டியான முழு முட்டையை உடைத்துக் குடிக்கிறது என்றால், அத்தை சொன்னதுதான். சந்தையில் கொண்டுபோய் முட்டைக்கோழி என்று இன்னொருவர் தலையில் மட்டும் கட்டாதீர்கள். செவலைக்கு அந்த நிலை வரவில்லை. சரிவுக் கூட்டில் பதினாறு நாள் இருந்தது, வெளியே விட்டபின் இரண்டு முறை கல்முட்டையைக் கொத்திப் பார்த்தது, அத்தோடு விட்டுவிட்டது.

இப்போது அது அடைக்குப் படுத்திருக்கிறது. அடைக்கோழி வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: படுத்த இடத்திலிருந்து நாலடி தூரத்தில் தீனியும் தண்ணீரும் கிளிஞ்சலும் இருக்கட்டும். ஒரு நாளைக்கு ஒரு முறைதான் எழுந்து வரும். பசியோடு திரும்பிப் போகக் கூடாது. ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்துக் கரு கூடாத முட்டைகளை எடுத்துவிடுங்கள், அது கூமுட்டையாகி வெடித்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். கல்முட்டையையும் அப்போது எடுத்துவிட மறக்காதீர்கள். நான் மறந்துவிட்டேன், செவலை பதினோரு முட்டையோடு அதையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறது. இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.